பட்டு இருக்கிற வீட்டில் பேட்டரி வண்டி

எலெக்ட்ரிக் கார் என்றாலே ஏதோ நேற்று பெய்த மழையில் முளைத்த காளான் என்றுதான் நம்மில் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போன மாசம் எங்க கிளாஸ் செமினாரில் ஒருத்தன் எழுந்து, "2010க்கு அப்புறம்தான் சார் எலெக்ட்ரிக் காரே வந்தது" என்று அடித்து விட்டான். யாரும் மறுத்துப் பேசவில்லை. (பேர் சொல்ல மாட்டேன். அவனும் இதைப் படிப்பான் :-))

உண்மை என்னன்னா, ரோட்டில் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டின வண்டியே எலெக்ட்ரிக் கார்தான். 1899 ஏப்ரல் 29, பாரிஸ் பக்கத்தில் காமீ ஜெனாட்ஸி என்கிற பெல்ஜியம்காரர் ஓட்டினார். வேகம் 105.88 கிலோமீட்டர். பார்க்க பீரங்கிக் குண்டுக்கு சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். பெட்ரோல் கார்கள் அப்போதுதான் தவழப் பழகிக்கொண்டிருந்தன.

அதற்கு விதை 1859-இல் விழுந்தது. பிரான்ஸ் நாட்டு கஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை கந்தக அமிலத்தில் முக்கி, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். 1881-இல் காமீ ஃபோர் என்பவர் தகட்டின் மேல் ஈய ஆக்சைடை பசை மாதிரி பூசி, அதைத் தொழிற்சாலையில் செய்யக்கூடிய பொருளாக மாற்றினார். அதே வருஷம் குஸ்தாவ் த்ரூவே பாரிஸ் தெருவில் பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். கார்ல் பென்ஸின் பெட்ரோல் வண்டிக்கு காப்புரிமை கிடைத்தது 1886-இல். கணக்கு போட்டுப் பாருங்க, யார் அண்ணன் யார் தம்பி என்று.

அப்படி முன்னாடி ஓடினவன் ஏன் தோற்றான்? இங்கேதான் கதை சுவாரசியமாகுது.

அந்தக் கால பெட்ரோல் காரை கிளப்ப முன்னாடி ஒரு கம்பியை செருகி சுத்தணும். கை நழுவினால் எலும்பு முறியும். எலெக்ட்ரிக் காரில் அந்த வம்பே இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. பெட்ரோல் கார் விற்றே பெரிய ஆளான ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டினது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற பேட்டரி கார்தான்! 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது, விலை வருஷா வருஷம் இறங்கியது. 1912-இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் கண்டுபிடித்த செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. கம்பி சுத்தற வேலை போச்சு. அந்த ஸ்டார்ட்டரை சுத்தினது எது தெரியுமா? ஒரு ஈய பேட்டரியும் ஒரு மின்மோட்டாரும்! எலெக்ட்ரிக் காரை குழி தோண்டிப் புதைத்ததே பேட்டரிதான். வீட்டுப் பிள்ளையே எதிராளிக்கு சாட்சி சொன்ன கதை.

ஆனா முழுப் பழியையும் ஸ்டார்ட்டர் மேல போட முடியாது. எடைக் கணக்கு ஒண்ணு இருக்கு.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் மின்சாரத்துக்கு சமமான சக்தி அடங்கியிருக்கு (நம்ம வீட்டு மீட்டரில் ஓடுதே, அதே யூனிட்). எடை முக்கால் கிலோ. பெட்ரோல் இன்ஜின் அதில் முக்கால்வாசியை வெப்பமாக வீணடித்துவிட்டு கால்வாசியைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மின்மோட்டார் அப்படியில்லை, கொடுத்ததில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலையை இரண்டரை, இரண்டே முக்கால் யூனிட் மின்சாரத்தில் முடித்துவிடலாம். நல்ல விஷயம்தான். ஆனா அந்த மின்சாரத்தை ஈய பேட்டரியில் அடைக்கணும்னா, கிலோவுக்கு 35 வாட் மணி என்று வைத்தாலும் 75 கிலோ பேட்டரி வேணும். முக்கால் கிலோவுக்குப் பதில் 75 கிலோ! அடுத்த நூறு வருஷத்து எலெக்ட்ரிக் கார் வரலாறு முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கிடும்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 1993-இல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் 'லவ்பேர்ட்' என்று ஒரு குட்டிக் கார் வந்து நின்றது. இரண்டு பேர் உட்காரலாம். எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற கம்பெனி, ஜப்பானின் யாஸ்காவா கூட சேர்ந்து செய்தது. தயாரான இடம் கேரளத்தில் சாலக்குடி, தமிழ்நாட்டில் நம்ம கோயம்புத்தூர். இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் கார் என்று இதைத்தான் சொல்கிறார்கள். உள்ளே இருந்தது அதே ஈய பேட்டரி. ஒரு தடவை சார்ஜுக்கு 60 கிலோமீட்டர் அளவில் ஓடும், சார்ஜ் ஏற 8 மணி நேரம். கொஞ்சம்தான் விற்றது, அப்புறம் நின்றுபோனது.

அடுத்து 2001-இல் பெங்களூரில் சேத்தன் மைனியின் 'ரேவா'. சீட்டுக்கு அடியில் எட்டு ஈய பேட்டரிகள். 80 கிலோமீட்டர் போகும் என்றார்கள். லண்டனில் அது 'ஜி-விஸ்' என்ற பேரில் ஓடியது. 2009-இல் லித்தியம் பேட்டரி போட்ட ரேவா வந்தது, 2010-இல் மகிந்திரா அந்தக் கம்பெனியை வாங்கியது. இரண்டு காரும் ஒரே இடத்தில்தான் திணறின. அந்த எடை, அந்த ஈயம்.

ஈயத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அதை முழுசா காலி பண்ணக் கூடாது. பாதிக்கு மேல தினமும் இறக்கினால் தகட்டின் மேல் ஈய சல்ஃபேட் படிந்து கெட்டியாகிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. வீட்டு இன்வெர்ட்டரில் எப்பவாவது கரண்ட் போகும்போதுதான் வேலை, அதனால் அது நாலு வருஷம் தாக்குப் பிடிக்கும். வண்டியில் தினமும் காலி, தினமும் நிரப்பு. கூடவே நம்ம வெயில் வேற.

எங்க சித்தப்பா இதை காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் வேண்டாம், 25 கிலோமீட்டர் வேகம்தான் என்று ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம், அந்தச் சமயத்தில் அந்த மாதிரி நிறைய வண்டி வந்தது. முதல் ஆறு மாசம் ராஜா. அப்புறம் 50 கிலோமீட்டர் 40 ஆச்சு, 40 இருபதாச்சு. ஒன்றரை வருஷத்தில் கடைத்தெருவுக்குப் போய்விட்டு தள்ளிக்கொண்டு வந்தார். புது பேட்டரி செட் விலை கேட்டதும் வண்டியை மாட்டுக்கொட்டகை ஓரம் சாத்தி வைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்க தெருவில் யாராவது "கரண்ட் வண்டி" என்று வாயைத் திறந்தாலே சிரிப்புதான்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, எங்க வீட்டில் இப்போ அதே பேச்சு ஓடிக்கிட்டிருக்கு.

வெம்பாக்கத்தில் எங்க வீடு தறி வீடு. அப்பா கூலிக்கு பட்டு நெய்கிறார். தெருவில் இன்னும் நாலு தறிக்கும் சேர்த்து ஆரணியிலிருந்து பட்டும் ஜரிகையும் வாங்கி வந்து கொடுப்பார், அறுத்த புடவையை முதலாளியிடம் கொண்டு போய்க் கொடுப்பார். மாசத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டம். அவருடைய மொபெட்டுக்கு வயசு பதினைந்து. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தருதுன்னு வைத்துக்கொண்டாலும் மாசம் 20 லிட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று கணக்கு போட்டால் 2000 ரூபாய்.

இன்றைக்கு வரும் லித்தியம் ஸ்கூட்டர் 3 யூனிட்டில் 90, 100 கிலோமீட்டர் போகும். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து நூறு கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் என்று வைப்போம். யூனிட் எட்டு ரூபாய் போட்டாலும் 28 ரூபாய். மாசம் 280. மிச்சம் 1700 ரூபாய்க்கு மேல. கூலி நெசவுக்காரர் வீட்டில் மாசம் 1700 என்பது சின்ன விஷயம் இல்லீங்க. என் தங்கச்சி பஸ் செலவும் டியூஷனும் அதில் அடங்கிடும்.

இந்தக் கணக்கை நோட்டில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். அப்பா, "உங்க சித்தப்பா வண்டி மாதிரி ஆயிடுச்சுன்னா?" என்று மட்டும் கேட்டார். அதுக்கு பதில் சொல்லிடலாம். அம்மா கேட்ட கேள்விதான் தூக்கி வாரிப் போட்டது.

"ஏன்டா, பட்டு இருக்கிற வூட்ல அதை ராவெல்லாம் சொருகி வெப்பியா? வேலூர்ல இன்னா ஆச்சுன்னு மறந்துட்டியா?"

மறக்கவில்லை. 2022 மார்ச் மாசம். வேலூரில் ஒரு வீட்டில் சார்ஜில் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். நம்ம பக்கத்து ஊர். எங்க வீட்டில் தறி இருக்கும் கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தறியில் ஏறியிருக்கும் பாவு எங்களுடையது இல்லை, முதலாளியுடையது. அது எரிந்தால் கடன் எங்க தலையில். அதற்கும் மேலே, தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு தூங்குவது நாங்க நாலு பேர்.

அம்மாவுக்கு பதில் சொல்லணும்னா லித்தியம் பேட்டரிக்குள்ள போகணும். கொஞ்சம் பொறுமையா படிங்க.

லித்தியம் அயான் பேட்டரியில் ஒரு பக்கம் கிராஃபைட், மறு பக்கம் ஒரு உலோகக் கூட்டுப்பொருள். நடுவில் திரவம். சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் பக்கம் போய் உட்காரும், வண்டி ஓட்டும்போது திரும்பி வரும். தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவது போல, அவ்வளவுதான். 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் ஆரம்பித்து வைத்தார். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு வந்தார். 1985-இல் ஜப்பானின் அகிரா யோஷினோ அதை பத்திரமான ஒரு செல்லாக ஆக்கினார். 1991-இல் சோனி விற்பனைக்கு விட்டது. முதலில் வீடியோ கேமரா, அப்புறம் செல்போன், அப்புறம் கார். மூன்று பேருக்கும் 2019-இல் வேதியியல் நோபல். குட்இனஃபுக்கு அப்போ வயசு 97!

இனி வருவது நம்ம ஆள். அமரபுரம் என்று தென் தமிழ்நாட்டில் ஒரு சின்ன கிராமம். அங்கே பிறந்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரையில் படித்தார், 1981-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1985-இல் குட்இனஃபிடம் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்து, அடுத்த வருஷம் அவரோடவே டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் குட்இனஃபுக்காக நோபல் உரையை மேடையில் நிகழ்த்தியவர் இவர்தான். நம்ம பேப்பர்களில் இது முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டிய செய்தி.

அவர் செய்த வேலைதான் எங்க அம்மாவின் கேள்விக்கு நேரடியாக சம்பந்தப்பட்டது. கோபால்ட் ஆக்சைடு மாதிரி பொருட்களில் ஒரு ஆபத்து இருக்கு. ரொம்ப சூடானால் அது உடைந்து தன்னிடம் இருக்கும் ஆக்சிஜனையே வெளியே விடும். பக்கத்தில் இருக்கும் திரவம் எரியக்கூடியது. எரியறதுக்கு வேண்டிய பொருளும் உள்ளேயே, ஆக்சிஜனும் உள்ளேயே! அதனால்தான் ஒரு செல் பற்றினால் பக்கத்து செல்லும் பற்றும், மண்ணைக் கொட்டினாலும் சுலபத்தில் அணையாது. 1980களின் கடைசியில் மந்திரமும் குட்இனஃபும் ஆக்சைடுக்குப் பதில் சல்ஃபேட் போன்ற தொகுதிகளை வைத்துப் பார்த்தார்கள். இரும்பு மாதிரி மலிவான உலோகத்தை வைத்தே நல்ல வோல்டேஜ் கிடைத்தது. அந்தத் தடத்தில் போய்த்தான் 1997-இல் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டது. சுருக்கமா எல்.எஃப்.பி.

இதில் பாஸ்பரஸ் தன் ஆக்சிஜனை கெட்டியா முடிச்சு போட்டு வைத்திருக்கு. சூடு ஏறினாலும் சுலபத்தில் விடாது. கோபால்ட்டும் வேண்டாம், நிக்கலும் வேண்டாம், இரும்பு போதும். ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் தாங்கும். குறை என்னன்னா, அதே எடைக்கு கொஞ்சம் கம்மியாத்தான் சக்தி அடங்கும். எரியவே எரியாது என்றும் சொல்லிட முடியாது, ரொம்ப கெட்டுப்போனால் எரியக்கூடிய வாயு வரும். ஆனா பட்டு இருக்கிற வீட்டுக்கு இரண்டில் எது என்று கேட்டால் யோசிக்க வேண்டியதில்லை.

2022-இல் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு நிபுணர் குழு போட்டது. ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கினார்கள். இரண்டு கட்டமாக, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் அமலுக்கு வந்தது. செல்களுக்கு நடுவே இடைவெளி, உள்ளே சூடு அதிகமானால் எச்சரிக்கை, தண்ணீர் புகாத பெட்டி, ஒவ்வொரு செல்லையும் கவனிக்கும் மின்னணு அமைப்பு எல்லாம் கட்டாயம். ஆக, செகண்ட் ஹேண்டில் மலிவா கிடைக்குதே என்று அதற்கு முந்தைய வண்டியை வாங்கறவங்க ஒரு தடவைக்கு நாலு தடவை யோசிங்க.

பேட்டரி விலையும் இறங்கியிருக்கு. 2010-இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல். 2024-இல் உலக சராசரி சுமார் 115 டாலர். சித்தப்பா வண்டிக்கும் இன்றைய வண்டிக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் இதுதான்.

தமிழ்நாடும் இதில் சும்மா இல்லை. கோயம்புத்தூரில் 2008-இல் ஹேமலதா அண்ணாமலை தொடங்கிய ஆம்பியர், பிறகு கிரீவ்ஸ் கைக்குப் போய், 2021-இல் நம்ம ராணிப்பேட்டையில் பெரிய ஆலை திறந்தது. 2024-இல் வந்த அவங்க நெக்சஸ் ஸ்கூட்டரில் இருப்பது எல்.எஃப்.பி.தான். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு பேர் 2013-இல் ஆரம்பித்த ஏத்தர் ஓசூரில். டி.வி.எஸ். அங்கேயே. ஓலா கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில். ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய். 2025 ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட். ஆனா இந்த வண்டிகளுக்குள் போகும் செல்களில் பெரும்பகுதி இன்னும் வெளிநாட்டிலிருந்துதான் கப்பலில் வருது. இத்தனைக்கும் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வு நிலையம் நம்மிடம் இருக்கு. 2018-இல் அவங்க சொந்தமாக உருவாக்கிய லித்தியம் பேட்டரி தொழில்நுட்பத்தை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்க ஒப்பந்தமும் போட்டாங்க. அறிவு இங்கே இருக்கு, ஆள் இங்கே இருக்காங்க, செல் மட்டும் சீனாவிலிருந்து. நூல் நூற்கத் தெரிந்தவன் வீட்டில் கடை வேட்டி மாதிரி.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. பழைய பேட்டரி எங்கே போகுது? ஈய பேட்டரிக்கு 2001-லிருந்தே சட்டம் இருக்கு, விற்றவங்களே திரும்ப வாங்கணும். 2022-இல் வந்த புது விதி லித்தியத்துக்கும், மின்வண்டி பேட்டரிக்கும் சேர்த்து. ஆனா சட்டத்துக்கு வெளியே கொல்லைப்புறத்தில் பேட்டரியை உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, ஈயத்தை உருக்குவது நம்ம நாட்டில் இன்னும் நடக்குது. அந்தப் புகையை சுவாசிக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே ஈயம் பாதிக்கும். தோல் தொழிற்சாலையும் குரோமியக் கழிவும் ராணிப்பேட்டைப் பக்கத்து நிலத்தடி நீரை என்ன செய்தது என்று பார்த்த மாவட்டங்கள் நாம. புகையில்லாத வண்டி என்பதற்காக இன்னொரு விஷத்தை வேற ஒருத்தர் வாசலில் கொட்டிவிட்டு வரக் கூடாது. சித்தப்பாவின் செத்துப்போன பேட்டரியை பழைய இரும்புக்காரருக்குப் போடாமல், பில் போட்டு எடுத்துக்கொள்ளும் பேட்டரி கடையில் கொடுக்க வைத்தேன். ரேட் கொஞ்சம் கம்மிதான். சித்தப்பா இரண்டு நாள் முறைத்தார், பரவாயில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவங்க போட்ட நிபந்தனை மூன்று. ஒன்று, அந்த பாஸ்பேட் பேட்டரிதான் வேணும். இரண்டு, சார்ஜ் போடுவது தெருப்பக்கத் திண்ணையில்தான், அதற்கு தனி ஒயர், தனி டிரிப்பர், சரியான எர்த். மூன்று, ராத்திரி எல்லாரும் தூங்கும்போது சொருகி வைக்கக் கூடாது, சாயங்காலம் கண்ணெதிரில் ஏற்றி எடுத்துடணும். விதிப் புத்தகம் எழுதின குழுவில் அம்மாவையும் சேர்த்திருக்கலாம் என்று தோன்றியது. அப்பா மட்டும் இன்னும் முழுசா மசியவில்லை. "மூணு வருஷம் ஓடின வண்டிக்காரன் ஒருத்தனைக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்கிறார். அது நியாயமான கேள்விதான். எட்டு வருஷ வாரண்ட்டி என்று காகிதத்தில் இருப்பதைவிட, ஓட்டினவர் வாயால் சொல்வது அவருக்குப் பெரிசு.

அதனால் மக்களே, உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ லித்தியம் வண்டி மூன்று வருஷத்துக்கு மேல், நம்ம வெயிலில், தினமும் ஓடியிருந்தால் சொல்லுங்க. ஆரம்பத்தில் எத்தனை கிலோமீட்டர் போச்சு, இப்போ எத்தனை போகுது, இந்த இரண்டு எண் போதும். நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. அப்பாவுக்குப் படித்துக் காட்டணும்.